புள்ளி

மறையெழுத்து என்றால் அது ஒற்றர்களுக்கும் மந்திரிகளுக்கும் உரிய விஷயம் என்றுதான் அநேகம் பேர் நினைக்கிறார்கள். எனக்கும் வெகுநாள் அந்த நினைப்பு இருந்தது. சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டை வண்டியும் காய்கிற தோலின் வாடையுமாக இருந்த வாணியம்பாடியில் அதற்கு என்ன வேலை? அப்படியிருந்தும் பதினாலாவது வயசில் ஒரு கதையைப் படித்து எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இன்றுவரை தெளியவில்லை.

கதை எட்கார் ஆலன் போ எழுதிய 'தங்க வண்டு'. காலேஜில் படித்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் விட்டுப்போன அட்டை கிழிந்த புஸ்தகத்தில் இருந்தது. 1962ஆம் வருஷம். என் இங்கிலீஷைக் கொண்டு அதைப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. படித்து முடித்தவன் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

தென் கரோலினா கடற்கரையை ஒட்டிய ஒரு தீவு. லெக்ராண்ட் என்ற நொடித்துப் போன மனிதனுக்கு மணலில் ஒரு துண்டுத் தோல் கிடைக்கிறது. காகிதம் அல்ல, தோல் என்பதை அவன் உடனே கவனிக்கிறான். நாள்பட நிற்க வேண்டிய விஷயத்தை எவனாவது காகிதத்தில் எழுதுவானா என்பது அவன் வாதம். சுண்ணாம்பில் ஊறவைத்து, பட்டை காட்டாமல், இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல் அது. எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நெருப்பில் காட்டியதும் தோலில் ஒரு ஆட்டுக்குட்டியின் படமும் எண்களும் குறிகளும் கலந்த நாலைந்து வரியும் தெரிகின்றன. இங்கிலீஷில் 'கிட்' என்றால் ஆட்டுக்குட்டி. கிட் என்பது ஒரு கடல்கொள்ளைக்காரனின் பெயரும்கூட. ஆட்டுத்தோலில் பிழைக்கிற ஊரில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்கு, கதை நமக்காகவே எழுதப்பட்டது போல இருந்தது.

அந்தக் குறிகளை லெக்ராண்ட் படிக்கிற விதம்தான் கதையின் உயிர். மந்திரம் இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. ஒவ்வொரு குறியும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறான். 8 என்ற குறி 33 தடவை வருகிறது. இங்கிலீஷில் அதிகம் புழங்குகிற எழுத்து 'ஈ'. ஆகவே 8 என்பது 'ஈ'. மூன்று குறிகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்து 8ல் முடிகின்றன; அது 'தி' என்ற சொல்லாகத்தான் இருக்க வேண்டும். இப்படியே ஒரு கதவு அடுத்த கதவைத் திறந்துகொண்டே போய் புதையலில் கொண்டுபோய் விடுகிறது.

இதே போ 1839ன் கடைசியில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றில், 'யார் வேண்டுமானாலும் மறையெழுத்து அனுப்புங்கள், படித்துக் காட்டுகிறேன்' என்று சவால் விட்டவர். 'தங்க வண்டு' 1843ல் வேறொரு பத்திரிகைப் போட்டியில் 100 டாலர் பரிசு வாங்கியது. கதையில் அவர் கொடுக்கிற எழுத்து வரிசையில் ஒரு தவறு உண்டு. இங்கிலீஷில் 'ஈ'க்கு அடுத்தபடி அதிகம் வருகிற 'டி'யை எங்கேயோ பின்னால் தள்ளிவிட்டார். இதை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் கதையின் மேல் மதிப்புக் குறையவில்லை. எண்ணினால் ரகசியம் உடையும் என்ற எண்ணத்தை ஒரு பையன் மண்டையில் இறக்க, வரிசை சரியாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

புஸ்தகத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் அப்போது ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர். குறிகள் அச்சாகியிருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுலே ஒரு எழுத்து தப்பா வந்துட்டா இவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேரேட்டுக்குத் திரும்பிவிட்டார். நல்ல கதையை இப்படியா ஒருவர் வாங்குவார் என்று எனக்கு வருத்தம்.

நானும் என் சிநேகிதர்கள் இருவரும் சொந்தமாக ஒரு மறையெழுத்து செய்துகொண்டோம். 'க'வுக்கு நிலா, 'ப'வுக்கு மரம், 'ல'வுக்கு மீன் என்று மெய்யெழுத்துகளுக்கெல்லாம் படம். 'அ', 'ஆ'வுக்கும் தனிப்படம். துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்; அவற்றுக்கும் படம் போட சோம்பல். ஒரு சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போக யோசனை செய்து எழுதிய சீட்டு, தமிழ் ஐயா கையில் சிக்கியது. அடி விழும் என்று நின்றோம். அவரோ சீட்டை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, எங்களைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். மணி அடிக்கும் முன் முழுவதையும் படித்துவிட்டார்.

அவர் போவைப் படித்தவரில்லை. படித்தது நன்னூல். அன்று சாயங்காலம் எங்களை உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். ஒரு சொல்லில் மூன்று படம். நடுப்படத்துக்குத் தலையில் புள்ளி. மூன்றாவது படமும் அதே படம்தான், துணைக்காலோடு. மெய் தன்னோடு தானே இரட்டிக்கிறது. ரகரமும் ழகரமும் அப்படி இரட்டிக்கா, அவற்றைத் தள்ளு. முதலில் இருப்பதற்கு எந்த உயிர்க்குறியும் ஒட்டவில்லை. "பசங்க ஒளிச்சு ஒளிச்சுச் சீட்டு எழுதினா அதுலே 'அப்பா' வராம இருக்குமா?" என்று சிரித்தார். 'அப்பா' கிடைத்ததும் 'ப' கிடைத்தது. சொல்லின் கடைசியில் புள்ளியோடு நிற்கிற படங்களைப் பார்த்தார். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே அவை ம், ன், ல், ர், ள் இப்படிச் சிலவற்றுக்குள்தான். சொல்லுக்கு முதலில் வராத படங்களைத் தனியே பிரித்தார். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் தனித்தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே இனந்தான் வரும். ங் வந்தால் அடுத்தது அநேகமாகக் ககரமே. இப்படி வேலி கட்டிக்கொண்டே வந்து, எஞ்சியதை இழுத்துப் பிடித்தார்.

அன்றுவரை மெய்ம்மயக்கம் என்பது பரீட்சைக்கு முன்னால் மனப்பாடம் செய்து பின்னால் மறக்கிற சமாசாரம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது பூட்டுத் திறக்கிற சாவிக்கொத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்த எழுத்து எங்கே நிற்கும், எதற்குப் பக்கத்தில் எது உட்காராது என்கிற பட்டியலைத்தான் மறையெழுத்தை உடைக்கிற நிபுணர்கள் இன்றும் முதலில் தயாரிக்கிறார்கள்.

தமிழ் ஐயா அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். "ரகசிய பாஷைன்னு வெள்ளைக்காரன் புஸ்தகத்துலே தேடறியே, நன்னூல்லே குழூஉக்குறி இருக்கே?" ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். உரைகளில் வழிவழியாக வருகிற உதாரணங்கள். கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயர் வைத்தவன் பெரிய ரசிகன். உள்ளே போனதும் எல்லா ரகசியத்தையும் வெளியே சொல்லிவிடுகிற வஸ்துவுக்கு ரகசியப் பெயர்!

தமிழில் எண்களே எழுத்துகளாக இருப்பதும் இந்த விளையாட்டுக்கு வசதி. 8க்குக் குறி 'அ'. காலுக்குக் குறி 'வ'. எட்டையும் காலையும் சொல்லிக் கூப்பிட்டு எதிராளியை 'அவலட்சணம்' என்று ஔவையார் வைததாக ஒரு தனிப்பாட்டுக் கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கேட்டவர்கள் சிரிக்கும்படி அந்தச் சங்கேதம் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது என்பது நிஜம்.

அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று. சந்தையில் ஆட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் கைகோர்த்துக்கொண்டு நிற்பதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து. அது ஐந்தா, ஐம்பதா, ஐந்நூறா என்பதை எதிரே நிற்கிற உருப்படியைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். வாய் 'இந்த வருஷம் மழை எப்படி?' என்று பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. ஜவுளிக்கடையில் துணி ஓரத்தில் எழுதியிருக்கும் புரியாத எழுத்து கொள்முதல் விலை. எழுத்து ஒன்றும் திரும்ப வராத ஒரு பத்தெழுத்துத் தொடரை முதலாளி மனசில் வைத்திருப்பார். முதலெழுத்து 1, கடைசி எழுத்து சைபர். ஊரே மறையெழுத்தில்தான் பிழைத்துக்கொண்டிருந்தது.

பாதிக் கடைகளில் பேரேட்டின் தலையில் 786 என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக் கணக்கில் பிள்ளையார் சுழி இருக்கிற இடம் அது. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; 'அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரால்' என்று தொடங்கும் வாசகத்தின் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும். கணக்குப் புஸ்தகம் எங்கே கிடக்குமோ, யார் கால் படுமோ என்று, புனித வாசகத்தை எழுதாமல் எண்ணை எழுதுகிற மரியாதை. இதில் மறைப்பது நோக்கமல்ல. ஆனாலும் மறையெழுத்தை உடைக்கும் வித்தையின் சரித்திரம் இந்த மாதிரி ஒரு வாசகத்தின் வழியாகத்தான் ஆரம்பிக்கிறது என்று பிற்பாடு படித்தபோது சிலிர்த்துப்போனேன்.

8ஆம் நூற்றாண்டில் பாஸ்ராவில் கலீல் இப்னு அகமது என்ற இலக்கணப் பண்டிதர் இருந்தார். அரபு மொழிக்கு யாப்பு வகுத்தவர், அகராதி செய்தவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பவணந்தியையும் திவாகரரையும் ஒன்றாக உருட்டிய மாதிரி. அவருக்கு மறைத்து எழுதப்பட்ட கிரேக்கக் கடிதம் ஒன்று வந்ததாகவும், ஒரு மாசம் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டதாகவும் சொல்வார்கள். எப்படி என்று கேட்டதற்கு, 'கடிதம் கடவுளின் பெயரால் என்றுதானே ஆரம்பித்திருக்கும்? அதை வைத்து எழுத்துகளைப் பிடித்தேன்' என்ற கருத்தில் பதில் சொன்னாராம். எங்கள் தமிழ் ஐயா 'அப்பா'வைப் பிடித்தது போலவே! அடுத்த நூற்றாண்டில் பாக்தாதில் அல்கிந்தி என்ற தத்துவ ஞானி இதைச் சாஸ்திரமாகவே எழுதி வைத்தார். எழுத்துகளை எண்ணு, எண்ணிக்கையை ஒப்பிடு, எது எதோடு சேராது என்று பார். போ கதை எழுதுவதற்கு 1,000 வருஷம் முன்னால். அந்த ஏடு 1987ல்தான் இஸ்தான்புல்லில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. மறையெழுத்தை உடைக்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இலக்கணக்காரர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். ராணுவத்தார் பிற்பாடு வந்து எடுத்துக்கொண்டார்கள்.

கோனன் டாயிலின் 'நடனமாடும் மனிதர்கள்' கதையை (1903) காலேஜில் படித்தேன். கொடி பிடித்த பொம்மை மனிதர்கள் சொல்லின் முடிவைக் காட்டிக்கொடுக்கிறார்கள். நல்ல கதை, ஆனால் போவுக்கு அப்புறம் படித்தால் பழைய சோறுதான்.

என்னை முழுசாக விழுங்கிய புஸ்தகம் டேவிட் கான் எழுதிய 'மறையெழுத்தை உடைத்தவர்கள்'. 1967ல் வெளிவந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புஸ்தகக் கடையில் தலையணை போலக் கிடந்தது. (அந்த மார்க்கெட் 1985ல் எரிந்துபோயிற்று, எத்தனை பேருடைய படிப்பு அதோடு போயிற்றோ!) கான் பேராசிரியரல்ல, பத்திரிகைக்காரர். பதின்மூன்று வயசில் ஊர் நூலகத்தில் பிளெட்சர் பிராட் எழுதிய ஒரு புஸ்தகத்தைப் பார்த்து இந்த ஆசையில் விழுந்தவர். அவர் எழுதுகிற வில்லியம் ப்ரீட்மன் அமெரிக்காவின் மிகப் பெரிய மறையெழுத்து நிபுணர். அவருடைய குழு 1940ல் ஜப்பானிய வெளிநாட்டு இலாகாவின் யந்திரச் சங்கேதத்தை உடைத்தது. அவருக்கும் பிள்ளைப் பிராயத்தில் ஆசை மூட்டியது எது தெரியுமா? 'தங்க வண்டு'. பிலடெல்பியாக்காரன் 100 டாலருக்கு எழுதிய கதை, கிஷினேவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த ஒரு யூதச் சிறுவனையும் பாலாற்றங்கரையில் என்னையும் ஒரே இடத்தில் தொட்டிருக்கிறது. அவர் எங்கே, நான் எங்கே! கானின் புஸ்தகத்தைப் படித்துக் கிளம்பியவர்களில் விட்பீல்ட் டிப்பி என்பவரும் ஒருவர். அவரும் மார்ட்டின் ஹெல்மனும் 1976ல் வெளியிட்ட யோசனை வழி வந்த பூட்டுகள்தான் இன்று டெலிபோனில் பணம் அனுப்பும்போது காவல் நிற்கின்றன. சந்தையில் துண்டு குறைந்து, சதுரக் கட்டம் அச்சடித்த அட்டை தொங்குகிறது.

நம் பக்கத்துச் சரித்திரத்திலும் இந்த வித்தைக்கு ஒரு பங்கு உண்டு. 1942ல் சிங்கப்பூரை விட்டு வந்த பிரிட்டிஷ் கடற்படையின் மறையெழுத்துக்காரர்கள் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் உட்கார்ந்து ஜப்பானியச் செய்திகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். இலங்கையைத் தாக்கப் பெரிய கப்பற்படை வருகிறது என்பதை முன்கூட்டியே பிடித்தும் விட்டார்கள். ஆனால் ஏப்ரல் 1ஆம் தேதி வாக்கில் வரும் என்று கணித்தார்கள். வந்தது 5ஆம் தேதி. கடலில் காத்திருந்த கப்பல்கள் தண்ணீரும் எண்ணெயும் நிரப்பிக்கொள்ளத் திரும்பியிருந்த சமயம். இரண்டு பெரிய குரூஸர்கள் அன்றே மூழ்கின. அந்த மாசந்தான் சென்னையில் பீதி கிளம்பி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். வாடகைக்கு மாட்டுத் தொழுவங்கூடக் கிடைக்கவில்லை என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். நாலு நாள் தவறின ஒரு கணிப்பைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கானின் புஸ்தகத்தில் எனக்கு எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது. யுத்தங்களின் நடுவே, வியாபாரத் தந்திச் சங்கேதங்களைப் பற்றிய பகுதி அது. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். லண்டனுக்குக் கடலடித் தந்தி கொடுப்பது பணத்தைக் கடலில் போடுகிற மாதிரி. ஆகவே ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல்லை வைத்துக்கொள்கிற சங்கேதப் புஸ்தகங்கள் அச்சாயின. ஏபிசி சங்கேதம் 1870களில் வந்தது, பென்ட்லி 1906ல். பென்ட்லியில் சங்கேதச் சொல் ஐந்தெழுத்து. இரண்டை ஒட்டிப் பத்தெழுத்தாக்கினால் தந்தி ஆபீஸில் ஒரே சொல்லின் கட்டணந்தான். சென்னையிலிருந்து பதனிட்ட தோலை லண்டன் ஏலத்துக்கு அனுப்பிய கம்பெனிகள் கடிதத்தாளின் தலையில் தந்தி விலாசத்தோடு, எந்தெந்தச் சங்கேதப் புஸ்தகம் பயன்படுத்துகிறோம் என்றும் அச்சடித்திருப்பார்கள். பொதுப் புஸ்தகம் போதாதவர்கள் சொந்தமாக ஒரு பட்டியல் செய்துகொள்வார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு டானரிகளுக்கும் சென்னைப் பெரியமேட்டு ஏஜெண்டுகளுக்கும் நடுவே ஓடியது இந்த மாதிரிச் சொந்தப் பட்டியல்கள்தான். எங்கள் ஊரில் உண்மையான மறையெழுத்து வேலை பார்த்தவர்கள் டானரிக் குமாஸ்தாக்கள்.

1887ஆம் வருஷம் ஜூன் 16ஆம் தேதி, பிலடெல்பியாவில் பிரிம்ரோஸ் என்ற கம்பள மயிர் வியாபாரி கன்ஸாஸில் இருந்த தன் ஏஜெண்டுக்குச் சங்கேதத் தந்தி கொடுத்தார். அதில் 'பே' என்று ஒரு சொல். பட்டியலில் அதற்கு 'வாங்கிவிட்டேன்' என்று அர்த்தம். வழியில் அந்தச் சொல்லின் நடு எழுத்து 'ஏ' மாறி 'யூ' ஆயிற்று. தந்தி பாஷையில் 'ஏ' ஒரு புள்ளி ஒரு கோடு. 'யூ' இரண்டு புள்ளி ஒரு கோடு. கூடுதலாக ஒரு புள்ளி. ஏஜெண்டு கையில் கிடைத்தது 'பை' - 'வாங்கு' என்ற வெறும் இங்கிலீஷ் சொல். அவர் வாங்கினார், வாங்கிக்கொண்டே போனார். பிரிம்ரோஸுக்கு 20,000 டாலருக்கு மேல் நஷ்டம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1894ல் தீர்ப்பாயிற்று: தந்திக் கம்பெனி கொடுக்க வேண்டியது தந்திக் கட்டணமான 1 டாலர் 15 சென்ட் மட்டுமே. ஏனென்றால், செய்தியைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் கூடுதல் கட்டணத்தை அவர் கட்டவில்லை.

இந்தப் பக்கத்தைப் படித்ததும்தான் 1962ல் அப்பா கேட்ட கேள்வி காதில் விழுந்தது.

அப்பா வெல்ல மண்டிக்கு முன்னால் ஒரு டானரியில் குமாஸ்தாவாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஏன் அதை விட்டார் என்பதை வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அம்மாவிடம் கேட்டுத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். கொரியா யுத்தத்தால் கிடுகிடுவென்று ஏறியிருந்த தோல் விலை 1951, 52ல் சரிந்தது. முதலாளியின் மகன் காலேஜில் படிக்கும்போது செய்து கொடுத்த சங்கேதப் பட்டியலைத்தான் அங்கே வைத்திருந்தார்கள். வீட்டுச் சாமான்களின் இங்கிலீஷ் பெயர்கள். 'கேப்' என்றால், அதாவது தொப்பி, 'சரக்கை உடனே அனுப்பு'. 'கப்', அதாவது கோப்பை, 'சரக்கை நிறுத்தி வை'. ஒரு நாள் பெரியமேட்டிலிருந்து தந்தி வந்தது. அப்பா பிரித்துப் படித்துத் தொப்பி என்று சொன்னார். சரக்கு அன்றைக்கே ரயில் ஏறிற்று. போய்ச் சேர்ந்த சரக்கை எடுப்பார் இல்லை. ஏஜெண்டு அனுப்பியது கோப்பை.

அப்பா தந்தித் தாளைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். தாளில் தொப்பிதான் இருந்தது. முதலாளி கெட்டவரல்ல, சந்தேகம் வந்திருந்தால் திருப்பிக் கேட்டுத் தந்தி கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டாராம். திருப்பிக் கேட்டுக் காசைக் கரைக்காதே என்பது அவரே போட்ட சட்டம். ஆனால் பிரிம்ரோஸ் வழக்கில் நீதிபதிகள் கேட்டதும் அதே கேள்விதான். அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. சந்தேகமே வரவில்லை என்பதுதான் நிஜம். எப்படி வரும்? தொப்பியும் நல்ல சொல், கோப்பையும் நல்ல சொல்.

இதைப் பற்றி நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். போவின் மறையெழுத்தில் ஒரு எழுத்து தப்பினால் ஒன்றும் குடி முழுகாது. பக்கத்து எழுத்துகள் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பழைய ஓலைகளில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும், காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பிரிம்ரோஸ் ஒரு புள்ளி கூடிப்போய் நஷ்டப்பட்ட அதே 1887ல்தான், புள்ளியே இல்லாத ஓலைகளைப் படித்து உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். தமிழுக்கு ஒரு நடை உண்டு. எது எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்ற வழக்கம் உண்டு. யாப்பு வேறு இருபுறமும் கரை கட்டியிருக்கிறது. அந்த வழக்கந்தான் எங்கள் சீட்டைத் தமிழ் ஐயாவிடம் காட்டிக்கொடுத்தது. அதே வழக்கந்தான் ஐயரவர்களுக்கு விழுந்துபோன புள்ளிகளை எடுத்துக் கொடுத்தது. சங்கேதப் பட்டியலில் அந்த வழக்கத்தைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். திருடனுக்கு ஒன்றும் புரியாது. வழியில் ஒரு புள்ளி விழுந்தால் நமக்கும் தெரியாது. பிற்காலத்துச் சங்கேதப் புஸ்தகங்களை எந்த இரண்டு சொல்லுக்கும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேறுபடும்படி அமைத்தார்கள். ஒரு எழுத்து பிசகினால் அது பட்டியலில் இல்லாத சொல்லாகிவிடும், படிப்பவன் விழித்துக்கொள்வான். காலேஜுப் பையன் செய்த பட்டியலில் அந்த எச்சரிக்கை இல்லை.

நீங்கள் கேட்டது இதுதானே என்று அப்பாவிடம் சொல்லலாம் என்று ஒரு தடவை ஊருக்குப் போனபோது கானின் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் திண்ணையில் படுத்திருந்தார். பேச்சு எப்படியோ பாலாற்றில் தண்ணீர் இல்லாததைப் பற்றிப் போயிற்று. புஸ்தகத்தைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

அவர் காலமான பிறகு தகரப் பெட்டியில் அந்தத் தந்தித் தாள் இருந்தது. மடிப்பில் கிழிந்து, உள்ளே நூல் வைத்து ஒட்டியிருந்தார். தந்தி குமாஸ்தாவின் கையெழுத்து வெகு சுத்தம். தொப்பியைக் கோப்பை என்று யாரும் படிக்க முடியாது. அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் அப்பா ஒரு புள்ளியும் கோடும் போட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளியும் கோடும். முதல் புள்ளியைப் பலமுறை அழுத்தி எழுதியதில் தாள் ஓட்டையாகியிருந்தது.